மகேஸ்வரியை யாரும் தேடவில்லை

தம்பி,

நீ கடைக்குப் போன பிறகு இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இன்றோடு மூன்று நாளாகிறது. எட்டாம் வகுப்போடு கூடை தூக்கப் போனவள் நான். கொழுந்து கிள்ளிப் பழகிய விரலுக்குப் பேனா சீக்கிரம் வசப்படுவதில்லை. எழுத்துப் பிழை கண்டால் சிரித்துக்கொள். ஆனால் பாதியில் மடித்து வைத்துவிடாதே. வாயால் சொன்னால் நீ போனைப் பார்த்துக்கொண்டே "சரிம்மா, சரிம்மா" என்பாய். நானும் முக்கியமான இடம் வரும்போது அழுதுவிட்டு, சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். பதினாலு வருடமாக அப்படித்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை நீ அந்த ஏஜென்சிக்காரனோடு பேசியது எனக்குக் கேட்டது. நான் ஒளிந்து நின்று கேட்கவில்லை. நம் லயத்து வீட்டு வரிசையில் ஒரு காம்பராவில் ஒருவர் இருமினால் அடுத்த காம்பராவில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள், நீயோ ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாய். நிமிடத்துக்கு எத்தனை சொல் டைப் பண்ணுவாய் என்று கேட்டான். இங்கிலீஷ் வருமா என்று கேட்டான். அதற்குப் பிறகு, "வீட்டுல கேள்வி கேக்குற ஆளுங்க யாரும் இருக்காங்களா தம்பி?" என்றான். நீ சிரித்துக்கொண்டே, "அப்பா இல்லீங்க, அம்மா மட்டுந்தாங்க. அவங்களுக்கு ஒண்ணுந் தெரியாது" என்றாய். போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்து, "அம்மா, யாரும் கேட்டா கொழும்புல கடை வேலைக்குப் போறேன்னு சொல்லுங்க. தாய்லாந்துன்னு வாய விட்டுறாதீங்க. விசிட் விசாவுல போறது வெளிய தெரியக் கூடாதாம்" என்று சொல்லி, சுடச்சுட ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாய்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று நீ சொன்னது பெரும்பாலும் சரிதான். கம்ப்யூட்டர் தெரியாது. தாய்லாந்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது. ஆனால் ஒரு விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும். "யாரும் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்" என்று பாடம் சொல்லிக்கொடுத்து அனுப்பும் வேலை, போகிறவரை எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும். அந்தப் பாடத்தை உன் அக்கா யோகாவுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான்.

உனக்கும் யோகாவுக்கும் முன்னால் எனக்கு ஒரு பெண் பிறந்தாள். மகேஸ்வரி என்று பெயர். மூன்று வயதில், ஒரு ஆடி மாத மழையில், காய்ச்சல் வந்து இரண்டே நாளில் போய்விட்டாள். கீழ் மலை ஓரத்தில் புதைத்தோம். மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு உன் அப்பா போய்விட்டார். சாவைப் பதிய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. பிள்ளை மண்ணுக்குள் போனாள், அவளுடைய பிறப்புப் பத்திரம் மட்டும் நம் இரும்புப் பெட்டியில் கிடந்தது. அதன் பிறகு அந்தப் பெயரை நம் வீட்டில் யாரும் உச்சரித்ததில்லை. அதனால்தான் நீ அதைக் கேட்டதே இல்லை. இரண்டு வருடம் கழித்து யோகா பிறந்தாள். நீ அவளுக்கு ஏழு வருடம் பின்னால்.

அடுத்த லயத்தில் இருந்த புஷ்பத்தை உனக்கு நினைவிருக்கும். வெளிநாட்டில் நாலு வருடம் இருந்துவிட்டு வந்து, காம்பராவுக்கு டைல்ஸ் போட்டவள். மகேஸ்வரியைப் புதைத்த அன்று நான் மண்ணில் விழுந்து புரண்டபோது என்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டவளும் அவள்தான். இதை நீ மனதில் வைத்துக்கொள். பிள்ளை பிடிக்கிறவன் முகமூடி போட்டுக்கொண்டு சாக்கோடு வருவான் என்று சின்ன வயதில் உன்னை மிரட்டியிருக்கிறேன். தப்பாகச் சொல்லிவிட்டேன். நம் துக்கத்துக்கு வந்து அழுதவர்கள்தான் வருவார்கள். யோகாவுக்குப் பதினேழு நடந்துகொண்டிருந்தபோது புஷ்பம் வந்து, அரபு நாட்டில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை இருக்கிறது என்றாள். பிள்ளைக்கு வயது காணாதே என்று நான் சொன்னதும், குரலைத் தாழ்த்தி, "அந்த மூத்த புள்ளயோட பத்திரம் இருக்குமில்ல? அவ இருந்திருந்தா இப்ப இருவத்திரண்டு" என்றாள்.

நான் அவளை விளக்குமாற்றால் அடித்திருக்க வேண்டும். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன்.

வறுமைதான் காரணம் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். கேட்கிறவர்களும் பாவம் என்பார்கள். வறுமை இருந்தது, உன் அப்பாவின் நெஞ்சு நோவும் இருந்தது. ஆனால் புஷ்பத்தின் டைல்ஸில் கால் வைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது என்பதும் உண்மை. கூடைக் கயிறு அழுத்தி என் உச்சந்தலையில் விழுந்த பள்ளத்தை நீ சின்ன வயதில் தடவிப் பார்ப்பாய். என் மகள் தலையில் அந்தப் பள்ளம் விழக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி. அந்த வெறிக்கு நல்ல பெயர் வைத்து, பிள்ளையின் எதிர்காலம் என்று சொல்லிக்கொண்டேன். உன் அப்பா ஒரே ஒரு தரம் வாயைத் திறந்தார். "செத்த புள்ள பேர்ல உசுரோட இருக்குற புள்ளய அனுப்பாத. மனசு ஒப்பல" என்றார். "ஒங்க மனசு ஒப்புனா வீட்டுல ஒல கொதிக்குமா?" என்று கேட்டேன். பாவி நான்.

நீ அப்போது ஸ்கொலர்ஷிப் பரீட்சைக்காக ஹட்டனில் மாமா வீட்டில் தங்கிப் படித்தாய். வீட்டில் நடந்தது உனக்குத் தெரியாது. மகேஸ்வரியின் பத்திரத்தை வைத்து அடையாள அட்டை எடுத்தார்கள், பிறகு பாஸ்போர்ட். இரண்டிலும் யோகாவின் முகம், மகேஸ்வரியின் பெயர். எங்கேயாவது கூப்பிட்டால் பிள்ளை முழிக்கக் கூடாது, பழக்கிவிடுங்கள் என்று புஷ்பம் சொன்னாள். பழக்கினேன். பீலித் தண்ணீரில் துணி அலசும்போது, மா பிசையும்போது, அவள் தலை வாரும்போது, எதிர்பாராத நேரத்தில் "மகேஸ்வரி!" என்று கூப்பிடுவேன். முதல் சில நாள் அவள் திரும்பவே இல்லை. எனக்கும் அந்தப் பெயரைச் சொல்லும்போது நாக்கு தடித்தது. பிறகு இரண்டு பேருக்கும் பழகிவிட்டது. ஒன்பதாவது நாள், கூப்பிட்ட உடனே "என்னம்மா?" என்று திரும்பினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ரொட்டியில் சீனி தொட்டு ஊட்டிவிட்டேன்.

போகிற அன்று அவள் காதில் ஒன்று சொன்னேன். "என்ன நடந்தாலும் ஒன் பேர மாத்திச் சொல்லிறாத. சொன்னா அப்பாவ ஜெயில்ல போட்டுருவாங்க." இதைவிடப் பெரிய பூட்டு எந்த நாட்டிலும் எவனாலும் செய்ய முடியாது. அதைத் தாய் கையாலேயே மாட்டி அனுப்பினேன்.

முதல் நாலு மாதம் போன் வந்தது. வயதான அம்மா என்று சொன்ன வீட்டில் பதினோரு பேர் இருந்தார்கள். போன உடனே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றினார்கள், பிறகு மூன்றாவது வீடு. யாரையும் கேட்காமல் ஆட்டை மந்தை மாற்றுவதுபோல மாற்றினார்கள். கடைசிப் போனில் அவள் அழவில்லை. "அம்மா, இங்க எனக்கு என் பேரே மறந்துருமோன்னு இருக்கு" என்றாள். நான் பதறிப்போய், "சும்மா இரு, போன்ல பேரப் பத்திப் பேசாத" என்று அடக்கினேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம் ஒரு சத்தமும் இல்லை. புஷ்பம் அதற்குள் கினிகத்தேனைப் பக்கம் குடி போய்விட்டாள், போனையும் எடுப்பதில்லை. நீ லீவுக்கு வந்து அக்கா எங்கே என்று கேட்டபோதெல்லாம், அங்கே டவர் இல்லை என்று சொன்னேன். நீ நம்பினாய்.

உன் அப்பாவும் நானும் டவுன் பொலிஸுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். எங்களை உட்காரச் சொன்னார். தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர் கேட்டார். யோகராணி என்றேன். எங்கெங்கோ போன் போட்டு விசாரித்துவிட்டு, அப்படி ஒரு பெயரில் இந்த முகவரியிலிருந்து யாரும் நாட்டை விட்டுப் போகவில்லை என்றார். தமிழ்ப் பொலிஸ்காரர் என் முகத்தைப் பார்த்து, "வேற பேர்ல போயிருக்காங்களாம்மா? பயப்படாமச் சொல்லுங்க. புள்ளயக் கண்டுபுடிக்கத்தான் கேக்குறோம்" என்றார். உன் அப்பா என்னைப் பார்த்தார். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பிக் கதவு தெரிந்தது. நான், "இல்லீங்க ஐயா" என்றேன்.

தம்பி, அனுப்பியதை மன்னிக்கச் சொல்லி நான் சாமியிடம் கேட்டுவிட்டேன். இந்த "இல்லீங்க ஐயா"வுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அந்த வார்த்தையைத் திருத்த ஏழு மாதம் ஆனது. ஏழு மாதமும் மலையில் நின்று கொழுந்து பறித்தேன், சோறு தின்றேன். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் உன் அப்பா வேலைக்குப் போகாமல் இரும்புப் பெட்டியைத் திறந்து இரண்டு பிறப்புப் பத்திரங்களையும் எடுத்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். "ஜெயிலுக்குத்தான்" என்றார். அவர் போனது ஹட்டனில் இலவசமாக வழக்குப் பார்க்கும் ஒரு வக்கீல் அம்மாவிடம். அந்த அம்மா மகேஸ்வரி என்ற பெயரில் விசாரித்தார். நாலே நாளில் பதில் வந்துவிட்டது.

யோகா மூன்றாவது வீட்டிலிருந்து தப்பி ஓடி, அங்குள்ள நம் நாட்டுத் தூதரகம் பெண்களைத் தங்க வைக்கும் விடுதியில் இருந்தாள். ஐந்து மாதமாக இருந்தாள். பெயர் என்ன என்று கேட்டவர்களிடமெல்லாம், நான் சொல்லிக் கொடுத்தபடி மகேஸ்வரி என்றே சொன்னாள். பாஸ்போர்ட்டுக்குப் புஷ்பத்தின் ஆட்கள் கொடுத்த முகவரி பொய். அதற்குப் போட்ட கடிதங்கள் திரும்பி வந்தன. கூட இருந்த பெண்களை ஒவ்வொரு குடும்பமாகத் தேடிக் கேட்டு அழைத்துக்கொண்டார்கள். மகேஸ்வரியை மட்டும் யாரும் தேடவில்லை. இங்கே நான் யோகராணியைக் காணவில்லை என்று அழுதுகொண்டிருந்தேன், அங்கே அவள் அப்பாவை ஜெயிலுக்கு அனுப்பக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் அந்த மேசையில் உண்மையைச் சொல்லியிருந்தால், அவள் விடுதிக்கு ஓடி வருவதற்கு முன்பே தேட ஆரம்பித்திருப்பார்கள். மூன்றாவது வீட்டில் கடைசி இரண்டு மாதம் அவளுக்கு நடந்ததை அவள் எனக்குச் சொன்னதில்லை. கையில் இருக்கும் தழும்பைத்தான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு மாதம் என் கணக்கு.

அவள் திரும்பி வந்த அன்று உன் அப்பாவும் நானும் ஏர்போர்ட்டில் நின்றோம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரே கூட்டம். சின்னப் பை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து, எலும்பும் தோலுமாக வந்தாள். "யோகா! யோகா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் திரும்பவில்லை. எங்களைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தாள். உன் அப்பா கத்தினார், அப்போதும் திரும்பவில்லை. கடைசியில் நான், "மகேஸ்வரி!" என்று கூப்பிட்டேன். உடனே நின்று, "மேடம்" என்று திரும்பினாள்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குக் கொஞ்சம் தெரியும். எங்களை விசாரித்தார்கள், வாக்குமூலம் எழுதிக் கொடுத்தோம், வக்கீல் அம்மா கூடவே நின்றார், எச்சரித்து அனுப்பினார்கள். ஏழு மாதம் என்னைப் பயமுறுத்திய ஜெயில் வரவே இல்லை. மகேஸ்வரியின் சாவை இருபது வருடம் தாண்டிப் பதிந்தோம். அந்தக் கடதாசியை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, அலுவலகப் படியில் உட்கார்ந்து அழுதேன். யோகா இப்போது பூண்டுலோயாவில் புருஷனோடும் பிள்ளையோடும் நன்றாக இருக்கிறாள், தைக்கிறாள், சிரிக்கிறாள். பின்னாலிருந்து கூப்பிட்டால் மட்டும் இன்னும் திடுக்கிடுகிறாள். ஒரு தரம் என்னிடம் சொன்னாள்: "அனுப்புனதுக்குக் கோவம் இல்லம்மா. நானுந்தான் ஆசப்பட்டுப் போனேன். பொலிஸ்ல கேட்டப்ப ஏம்மா சொல்லல?"

இப்போது உன் விஷயம். நீ யோகா இல்லை, படித்தவன், ஆம்பளை, உன்னை யார் என்ன செய்வார்கள் என்று நினைக்கிறாய். புஷ்பம் இடத்தில் உன் சிநேகிதன் சுரேன் இருக்கிறான், டைல்ஸ் இடத்தில் அவன் அனுப்பிய நீச்சல்குளம் போட்டோ இருக்கிறது. அந்தத் தாய்லாந்துக்குப் போய் ஆறு வாரமாகிறது, மெசேஜ்தான் அனுப்புகிறான், ஒரு தடவையாவது குரல் கொடுத்தானா? அவனை வீடியோவில் கூப்பிடு. "மச்சான், கதவத் தொறந்து ரோட்ட ஒருக்காக் காட்டு" என்று சொல். காட்டினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். காட்ட முடியாவிட்டால், அந்தப் பிள்ளையும் யாரோ சொல்லிக் கொடுத்ததைத்தான் உனக்கு எழுதுகிறான். அவன்மேல் கோபப்படாதே. அவன் அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும், நானும் கூட வருகிறேன். கம்ப்யூட்டர் வேலை என்று கூட்டிக்கொண்டு போய், எல்லை தாண்டி அடைத்து வைத்து, அடித்து, ஊர் உலகத்தை ஏமாற்றும் மெசேஜ் எழுத வைக்கிறார்கள் என்று யோகாதான் எனக்குச் சொன்னாள். அவள் இப்படிப்பட்ட செய்தி ஒன்றையும் தவற விடுவதில்லை.

வெளிநாடே போகாதே என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு வாயும் இல்லை. இந்த லயத்தில் இருந்து என்ன கண்டோம் என்று நீ கேட்டால் நான் எதைக் காட்டுவேன்? போவதானால் வேலைக்கான விசாவில் போ. உன் பெயரில், உன் வயதில், அரசாங்கத்தில் பதிந்துவிட்டுப் போ. ஒப்பந்தத்தை நீ வாசித்து விளங்கிய பிறகு கையெழுத்து வை, அதில் ஒரு பிரதி யோகாவிடம் இருக்கட்டும். போன பிறகு பாஸ்போர்ட்டை யார் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றாலும் கொடுக்காதே. மனம்விட்டுப் பேச முடியாத இடமாக இருந்தால், போனில் "பட்டிப்பொலையில மழையாம்மா?" என்று கேள். பட்டிப்பொலையில் நமக்கு ஈ காக்கை கிடையாது. அந்தக் கேள்வி வந்தால் நான் அன்றைக்கே உன் பெயரைச் சொல்லிக்கொண்டு எல்லாக் கதவையும் தட்டுவேன். அங்கே உன்னை அடித்து என்ன செய்ய வைத்திருந்தாலும், வெட்கப்பட்டு மறைக்காதே. ஏன் செய்தாய் என்று நான் கேட்க மாட்டேன். மறைத்ததால் ஒரு பிள்ளையை நான் கிட்டத்தட்டத் தொலைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை நீ குளிக்கப் போன நேரம், உன் பாஸ்போர்ட்டை எடுத்து மா டின்னுக்குள் புதைத்து வைத்தேன். இரண்டு நாள் நீ அதைத் தேடவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அடுத்தவர் பாஸ்போர்ட்டை ஒளித்து வைத்து ஆளைப் பிடித்து வைப்பது அந்த அரபு வீட்டுக்காரர்கள் யோகாவுக்குச் செய்த வேலை. அதை என் மகனுக்கு நான் செய்ய மாட்டேன். மாவைத் துடைத்து உன் பையிலேயே வைத்துவிட்டேன். இந்தக் கடிதமும் அதற்குள் இருக்கும். வியாழக்கிழமை நீ பஸ் ஏறுவதும் ஏறாததும் உன் கையில்.

ஆனால் பொய் சொல்ல என்னால் முடியாது. நேற்றுப் பீலிக்கரையில் ராமாயி, "ஒங்க மகேன் எங்கயோ போறாராமே, எங்கே அக்கா?" என்று கேட்டாள். கொழும்பு என்று சொல்ல வாய் வந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "தாய்லாந்துக்காம். விசிட் விசாவாம். யாருக்கும் சொல்லாதன்னு ஏஜென்சிக்காரன் சொல்லியிருக்கானாம். எனக்குப் பயமா இருக்கு ராமாயி" என்றேன். ராமாயி வாயைப் பற்றி உனக்குத் தெரியும். சாயந்தரத்துக்குள் மூன்று லயத்துக்கும் போய்விட்டது. காலையில் தோட்டத் தலைவர் வந்து ஏஜென்சிக்காரன் பெயர் கேட்டார், யோகா நாளைக் காலை பஸ்ஸில் வருகிறாள். உனக்குக் கோபம் வரும். வரட்டும், என்னை நன்றாகத் திட்டு, வீட்டில் இருந்து திட்டு.

அந்த ஆள் மறுபடியும் போன் எடுத்து, வீட்டில் கேள்வி கேட்கிற ஆள் இருக்கிறதா என்று கேட்டால், மூன்று லயம் இருக்கிறது என்று சொல். அம்மா ஒரு தரம் கேட்கத் தவறியவள், இனி தவற மாட்டாள் என்றும் சொல்.

அம்மா